மூன்று பாட்டில், வாசனை இல்லை

நவம்பர் 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். எங்கள் தோல் பதனிடும் கம்பெனியில் விரித்த தோல் எதுவும் காயவில்லை. மாலை நாலு மணிக்கு ஆபீஸ் ரூம். தோல் வாங்க வந்திருக்கும் பிரெஞ்சு பையர் மூன்று சிவப்பு ஒயின் பாட்டில் திறந்தார். அவர் ஊர்ப் பக்கத்தில் அதிகம் கிடைக்காத பழைய திராட்சை ரகங்களாம். தோல்காரர்களுக்கு மூக்கு நன்றாக இருக்கும் என்று சோதனை லேப்பிலிருந்து என்னையும் கூப்பிட்டார். ருசி, வாசனை எழுதித் தர வேண்டும்.

ப்ளூசார்: வெளிறிய சிவப்பு. புளிப்பு. லேசு.
மோந்தூஸ்: கருஞ்சிவப்பு. தொண்டையில் காரல்.
பெர்சான்: கடுக்காய் கடித்த மாதிரி ஈறு இறுகியது. நல்ல துவர்ப்பு.
வாசனை: மூன்றிலும் ஒன்றுமில்லை.

மேனேஜர் இஸ்மாயில் சார் குடிக்க மாட்டார். மோந்தூஸ் கிளாஸை முகர்ந்து, "மிளகு வாசம் தூக்குது" என்றார். பையர் தலையாட்டினார். நானும் 'மிளகு' என்று எழுதினேன். பொய்.

நவம்பர் 12, புதன்
காபித்தூள், கற்பூரம், வினிகர், பூண்டு. எதன் வாசமும் தெரியவில்லை. ஸ்டவ் பக்கத்திலேயே நிற்கிறேன், என் வீட்டுக்காரர் டேனியல் ஹாலிலிருந்து ஓடி வந்தார். "பால் தீயுது ரீட்டா, இன்னா பண்ற?"
தலைவலி என்று சொல்லிவிட்டேன்.
போன மாச ஜுரத்துக்கு அப்புறம்தான் இருக்கும். கவனிக்கவே இல்லை.
கம்பெனி கழிவுத் தொட்டி. சுத்தம் செய்ய ஆள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பது நான். வாயு மீட்டர் ரிப்பேருக்குப் போய் மூன்று வாரம். அன்றிலிருந்து முகர்ந்து பார்த்து 'சரி' என்று கையெழுத்து. கர்த்தரே, எதை முகர்ந்தேன்.
சாப்பிடவில்லை.

நவம்பர் 13, வியாழன்
மழை இல்லை. முதல் வேலையாக வாசனை தெரியாததை இஸ்மாயில் சாரிடம் சொன்னேன்.
"பையர் போற வரைக்கும் பேஜார் பண்ணாத ரீட்டா. இன்னிக்கி மட்டும் கையெழுத்து போட்டுடு."
பத்து மணிக்குத் தொட்டி. தொட்டி சுத்தம் செய்யும் ஏழுமலை ஏணியில் ஒரு கால் வைத்தாயிற்று. என் கையில் பேனா. குனிந்தேன். ஒன்றுமில்லை, வெறும் காற்று.
"எறங்காத."
"இன்னா மேடம், நாத்தம் வருதா?"
"எனக்கு வாசமே தெரியல, ஏழுமலை."
காலை எடுத்தான். தொட்டி வாய்ப்பக்கம் லேசாகக் குனிந்தவன் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தான்.
"முட்ட அழுவுன நாத்தம் மேடம். ஜாஸ்தியா கீது."
எல்லோரையும் தூரப் போகச் சொன்னேன். கையெழுத்துப் போடவில்லை. அவன் மட்டும் நின்றான்.
"எத்தினி நாளா தெரில?"
மூன்று வாரத்துக்கும் மேல் என்றேன்.
அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான், எத்தனை தடவை இறங்கினான் என்று.