கொற்றியைச் சிறையிட்ட குற்றம்

மலைமகள் அருள் பெருகுக! ஏழு மலைக்கும் ஈராற்றுக்கும் உரிய வெண்கடம்ப நாட்டை ஆளும் பெருந்தேவி செந்திருவாள், வேங்கைக்கோட்டைத் தலைவர் ஏனாதி கீரனாருக்கு விடுக்கும் திருமுகம். உமது கோட்டையின் குடிகள் நலம் பெறுக. அவர்தம் வயல்கள் விளைக. உமக்கு வாழ்த்துரைக்க மட்டும் எம் மனம் இசையவில்லை. ஏன் என்பதை, இவ்வோலையை உம் அவையோர் முன் உரக்கப் படிக்கச் செய்து அறிந்துகொள்ளும்.

சென்ற கார்காலத்தில் யாம் இளவரசனை ஈன்றதும், அடுத்து வந்த கடுஞ்சுரத்தில் உயிர் ஊசலாடியதும் நாடறியும். பின்னர் உடல் தேற உமது கோட்டையில் வந்து தங்கினோம். அங்கேதான் எம் கூந்தல் உதிரத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. நெற்றியோரம் தோல் தெரிந்தது. அரசியாயினும் யாமும் பெண்ணே. கண்ணாடியைத் துணியால் மூடச்செய்து அழுதோம். அப்போது எம் தலையை மடியில் வைத்து, “அழாதீங்கம்மா, போன உசிரே திரும்பி வந்திருக்கு, மயிரு வராமலா போயிடும்?” என்று தேற்றியவள் கொற்றி. எம் இளமை முதல் எமக்குத் தலைவாரிப் பின்னுகிறவள் அவள்.

அவளைத்தான் நீர் பிடித்தீர். எம் கூந்தலுக்குத் தேய்க்கும் எண்ணெயில் நஞ்சு கலந்தாள் என்று, எம்மைக் கேளாமலே சிறையிட்டு, நடுச்சந்தையில் தலையை மழித்து, ஊரார் பார்க்க நிறுத்தினீர். எம்மிடமோ, தாய்க்கு நோய் என்று அவள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னீர். அதை நம்பித் தலைநகர் திரும்பிக் காத்திருந்தோம். நேற்று அவள் கணவன் சாத்தன் எம் அவைக்குள் புகுந்தான். காவலர் பிடித்திழுத்தும் நகராமல், “எம் பொண்டாட்டி என்னம்மா தப்பு பண்ணினா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிடறேன்” என்று கதறினான். அவள் உம் சிறையில் இருப்பதே அவன் சொல்லித்தான் எமக்குத் தெரிந்தது. உம்மால் யாம் எம் அவையிலேயே நாணி நின்றோம்.

அரண்மனை மருத்துவர் இளவேட்டனார் அன்றே உம்மிடம் உண்மையை உரைத்தார் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு மயிரும் தோலுக்கடியில் தன் குழியிலிருந்து, குருதி ஊட்ட, சில ஆண்டுகள் வளரும். பின் சில திங்கள் ஓய்ந்திருந்து உதிரும். அதே குழியில் புதிது முளைக்கும். எல்லாம் ஒரே வேளையில் ஓய்வதில்லை. ஆதலால் நாள்தோறும் விழும் சில இழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. மகப்பேறோ பெருஞ்சுரமோ உடலை உலுக்கினால், வளரும் மயிரில் பெரும்பங்கு ஒருசேர ஓய்ந்து, இரண்டு மூன்று திங்கள் கழித்து ஒருசேர உதிரும். வேர் சாவதில்லை, ஆதலால் மீண்டும் வளரும். இத்தனையும் விளக்கி, அந்த எண்ணெயையே தம் தலையில் தேய்த்தும் காட்டினாராம். நீரோ, வைத்தியர் பணிப்பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறார் என்று நகைத்து அனுப்பினீராம்.

ஏனாதியாரே, உம் உச்சியும் உம் தந்தையார் உச்சியும் வழுக்கையாய் ஒளிர்கின்றனவே! தலைமுறை வழி வந்த இயல்பால் மயிர்க்குழிகள் சுருங்கி, முளைப்பது முறைக்கு முறை மெலிந்து போவதே அது என்கிறார் மருத்துவர். அதற்காக எந்தப் பெண்ணைச் சிறையிட்டீர்?

ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாகவும் கொற்றியிடம் சொன்னீராம். “செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி வெளிய வரமாட்டேன்” என்றாளாம் அவள். அந்த நெஞ்சுரத்தில் பாதி உமக்கிருந்தால், அரசியின் கூந்தல் உதிர்ந்த பழி உம்மேல் விழுமோ என்று அஞ்சி ஓர் ஏழையைப் பலியிட்டிருக்க மாட்டீர்.

ஆகவே ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்ட அக்கணமே சிறைக்கதவை உம் கையாலேயே திறக்க வேண்டும். அவளை மழித்து நிறுத்திய சந்தையிலேயே பறையறைந்து ஊரைக் கூட்டி, அவள் குற்றமற்றவள் என்று உம் வாயால் சொல்ல வேண்டும். பின் கோட்டைத் தலைமையைத் துணைத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, எம் அவையில் விசாரணைக்கு வந்து நிற்க வேண்டும். அவளை அழைத்துவர எமது பல்லக்கை அனுப்பியுள்ளோம். சாத்தனும் உடன் வருகிறான்.

எம் தலையில் புதுமயிர் விரல்நுனியளவு முளைத்துவிட்டது. அவளுக்கும் முளைத்திருக்கும். எம்முடையதைச் சுரம் கொண்டுபோயிற்று. அவளுடையதை நீர் கொண்டுபோனீர். அவளிடம் மன்னிப்புக் கேட்குமாறு மட்டும் யாம் பணிக்கவில்லை. ஆணைக்கு அஞ்சி வரும் மன்னிப்பு அவளுக்கும் வேண்டா, எமக்கும் வேண்டா.

இது எம் கைச்சாத்து. இது கடம்பமலர் இலச்சினை. மறுமொழி ஓலை விடுக்க வேண்டா. பல்லக்கு வெறுமையாய்த் திரும்பினால், அடுத்து உம்மிடம் வருவது ஓலையாக இராது.