கல்யாணி பேரில் இருக்கிற பெட்டி

ஐப்பசி 5, புதன்

விடியலிலிருந்து தூறல். ஒரு வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன், அப்புறம் மனசு மாறிவிடும். இந்த ஊருக்குக் கேபிள் விடுகிறவன் நான். என் வீட்டு மாடியில் டிஷ் இருக்கிறது. தண்ணீர் டேங்குக்குப் பின்னால், மூணு பக்கமும் உரச்சாக்கு கட்டி மறைத்து. கேட்கிறவர்களிடம் புறாக்கூண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

காரணம் என் வீட்டுக்காரி கல்யாணி. தெருவில் கரண்ட் போனால் என் லைனும் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதால் டிஷ் மட்டும் ஓடும். ரெண்டு வருஷம் முன்னாடி அவளே போய், அவள் பேரிலேயே வாங்கி மாட்டிக்கொண்டாள். "உங்க லைனை நம்பி நான் சீரியல் பாக்க முடியாதுங்க" என்றாள். கேபிள்காரன் பெண்டாட்டி சொல்கிற பேச்சு.

இது கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் எழுத வாங்கின நோட்டு. முன்பக்கம் அவர்களுடையது. பின்பக்கத்திலிருந்து என்னுடையது. அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, எவனும் படிக்க முடியாது. பாதுகாப்பு.

இன்றைக்கு வேலை:
மேலத்தெருவில் ரெண்டு பெட்டி மாற்றணும்.
பம்புசெட் வளைவில், குத்தாலத்திலிருந்து ஊருக்கு வருகிற கேபிள் தொங்குது. ஏற்றிக் கட்டணும்.
குத்தாலம் போய் பஷீர் பாயைப் பார்க்கணும்.

எங்களுக்கு சிக்னல் அனுப்புகிற மேல்கம்பெனிக்கு குத்தாலத்தில் ஒரு கண்ட்ரோல் ரூம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பஷீர் பாய். அவர் சொன்னது இது. எட்டு மணி சீரியல் போடுகிற சேனல்காரனுக்கும் மேல்கம்பெனிக்கும் ஒப்பந்தம் நாளையோடு முடிகிறதாம். புதுசுக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை. ஆகாவிட்டால் சேனல் கட்.

சேனல்காரன் இப்போதே படத்துக்குக் கீழே எழுத்து ஓடவிடுகிறான். உங்கள் கேபிள் ஆபரேட்டரைக் கேளுங்கள் என்று. சண்டை சென்னையில் கோட்டு போட்ட ரெண்டு பேருக்கு. கேட்க வேண்டியது என்னை.

பெட்டி மாற்றினேன். கேபிள் கட்டவில்லை. மழை.

ஐப்பசி 7, வெள்ளி

சேனல் போச்சு. அது இருந்த இடத்தில் வெறும் நீலம்.

தையல்நாயகி அக்கா வந்தது. (இனி தை. அக்கா. முழுப்பேர் எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.) நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறது அதுதான். அதன் கீழே இருபத்துநாலு பெண்கள், இருபத்துநாலு வீடு, இருபத்துநாலு கனெக்‌ஷன். வயலிலிருந்து நேரே, முழங்கால் வரை சேறோடு.

"ஏன் செல்வம், சீரியல்ல அந்தப் பொண்ண ஆஸ்பத்திரியில படுக்க வச்ச நேரத்துலயா நிறுத்துவ?"

"நான் என்ன டாக்டராக்கா?"

எப்போதும் இதற்குச் சிரிக்கும். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள வரணும். இல்ல, எங்க அத்தனை வீடும் டிஷ்ஷுக்குப் போகுது. அப்புறம் வாசல்ல வந்து பல்லைக் காட்டாத."

அது சொன்னால் செய்யும். அந்த வீடுகள் போனால் கீழத்தெரு போகும். கீழத்தெரு போனால் நான் என் கேபிளைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போடலாம்.

அதனால் செய்த காரியம். ஊருக்குள் ஓட எனக்கென்று ஒரு சேனல் உண்டு. தேர், காதுகுத்து, பிறந்தநாள் வாழ்த்து, சாவு அறிவிப்பு எல்லாம் அதில்தான் போடுவேன். முன்ரூமில் இருக்கிற சின்ன மெஷினிலிருந்து போகும். டிஷ் பெட்டியைக் கழற்றிவந்து அந்த மெஷினில் சொருகிவிட்டேன். தப்பு என்று தெரியும். எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியாது.

பெட்டி எங்கேங்க என்றாள் கல்யாணி. சூடாகுது, பார்க்கிறேன் என்றேன். எல்லாரையும் போல ஊர்ச்சேனலில் உட்கார்ந்து பார்த்தாள்.

எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஒரே பாட்டு. நாலு வீட்டிலிருந்து போன். தை. அக்கா, "நீ ராசாடா" என்றது. ஒரு கால் மணி நேரம் ராசாவாக இருந்தேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு நம்பர் வந்தது. வெள்ளை எழுத்து, நீளமாக. பத்து விநாடி. மறைந்தது. திரும்ப அவள் மாமியார் முகத்தில் வந்தது.

ஐப்பசி 8, சனி

பஷீர் பாய்க்குப் போன் போட்டு, யாருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். அவர் ஏமாறவில்லை.

"அது பெட்டியோட நம்பரு. எவன் திருட்டுத்தனமா லைன்ல விடுறான்னு பாக்கத்தான் போடுறாங்க. நம்பரை வச்சு பேரு, ஊரு எல்லாம் எடுத்துருவாங்க. கேஸு வரும். பெட்டி யாரு பேருல?"

"கல்யாணி பேருல."

"முதல்ல அதைக் கழட்டு" என்றார் பஷீர் பாய்.

உடனே கழற்றினேன். பெட்டியை அரிசி டிரம்முக்குள் அமுக்கினேன். மெஷின் புகைந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியாச்சு.

பத்து மணிக்கு எதிர்வீட்டு வாத்தியார். ரிட்டையர் ஆகியும் பாக்கெட்டில் சிவப்புப் பேனா. அந்த நம்பரைக் காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறார். "பரிசுப் போட்டி போலிருக்கு செல்வம். எந்த விலாசத்துக்கு அனுப்பணும்?"

அவர் மட்டும் இல்லை. ஊரே எழுதி வைத்திருக்கிறது. ரேஷன் கார்டு உறையில், பால் கணக்கு அட்டையில், பிள்ளைகள் நோட்டில். தை. அக்கா ஆட்களில் ஒருத்தி மறந்துவிடக் கூடாது என்று பம்புசெட் சுவரில் கரிக்கட்டையால் முழ நீளத்துக்கு. போலீஸ் வந்தால் தேடவே வேண்டாம். என் பெண்டாட்டியை மாட்டிவிடுகிற நம்பர் தெருவுக்கு நாலு இடத்தில்.

"மறக்கிறவங்களுக்குத்தான் சார் பரிசு" என்றேன். வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார்.

கல்யாணியிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை விட்டிருந்தது. பம்புசெட் சுவரை வைக்கோல் பிரியால் தேய்த்தேன். கரி போகவில்லை, பரவிற்று. தொங்குகிற கேபிளுக்கு அடியில் நின்றுதான் தேய்த்தேன். அதைக் கட்டணும் என்று நினைப்பு வந்தது. ரோட்டில் ஜீப் சத்தம். வாய்க்கால் கரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். ஜீப் இல்லை, ஐஸ் வண்டி.

திரும்ப பஷீர் பாய்க்குப் போன். பெட்டியை என் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். இப்போது மாற்றினால் அதுவே சாட்சி என்றார். சென்னையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள்.

பயந்தது:
அவளை ஸ்டேஷன் படி ஏற வைப்பார்கள்.
பேப்பரில் பேர் வரும். குத்தாலம் பெண் கைது.
அவள் அண்ணன் சீர்காழியிலிருந்து வந்து என்னைப் பார்ப்பார். பேசமாட்டார். பார்ப்பார்.
அவளிடம் நானே சொல்லணும். (இதுதான் எல்லாவற்றையும் விட.)

சாயங்காலம் காப்பி கொடுத்தாள். சொல்ல வாயெடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் சர்க்கரையே போடவில்லையாம். "ரெண்டு நாளா நீங்க யாரையும் கிண்டல் பண்ணல. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் என் வாயை மூடச் சொன்னதுதான் உண்டு. திறக்கச் சொன்னது இன்றைக்குத்தான்.

ஐப்பசி 10, திங்கள்

காலை பதினொன்றரை. வெள்ளைக் கார். சேனல்காரன் அனுப்பின இஸ்திரிச் சட்டை ரெண்டு பேர். டீக்கடையில் கல்யாணி வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். செல்வம் வீடு என்று கேட்கவில்லை. வாத்தியார் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார், பரிசு கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று. அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

உள்ளே போய் அரிசி டிரம்மைத் திறந்தேன். பெட்டி இல்லை. கூடத்தில் டி.வி.க்குக் கீழே, துடைத்து, அதன் இடத்தில் இருந்தது. ஒரே ஒரு அரிசி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாசா மாசம் ரீசார்ஜ் பண்றது நான். அந்தப் பொண்ணு நெத்தியில வந்தது என் நம்பர்னு எனக்குத் தெரியாதாங்க?"

மூணு நாள். தெரிந்துகொண்டே சோறு போட்டிருக்கிறாள். நான் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள்.

வந்தவர்களில் பெரியவர் பேப்பரைப் பார்த்துக் கேட்டார். "கல்யாணிங்கறது?"

"நான்தாங்க."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்தப் பெட்டி எங்கம்மா இருந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். பொய்யா நிஜமா எது வரப்போகிறது என்று தெரியாது. எதுவானாலும் அவள் வாயால் வரக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"பேருதான் சார் அவ பேரு. மாட்டினது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. வாசலில் தெருவே கேட்டுக்கொண்டு.

மாடிக்குப் போய்ப் பார்க்கணும் என்றார்கள். கூட்டிப்போனேன். சாக்கை அவிழ்த்து போட்டோ எடுத்தார்கள். கீழேயிருந்து தை. அக்கா அண்ணாந்து பார்த்தது.

"இதுதான் புறாக்கூண்டா செல்வம்?"

இனி செய்யமாட்டேன் என்று என் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் ஆச்சு எனக்கு. பெட்டியை ஒரு கவரில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டார்கள். மேலே பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார் பெரியவர். போகும்போது கல்யாணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அது நல்லதா கெட்டதா என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

நல்ல வெயில். நாலு மணிக்கு பஷீர் பாய் போன். சென்னையில் கையெழுத்து ஆகிவிட்டது. சேனல் இன்றைக்கே வரும். கேஸ்? "ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க. இனிமே உன்னைப் புடிச்சு என்ன பண்ணப்போறாங்க. அநேகமா வராது" என்றார். அநேகமா என்ற வார்த்தையைப் பத்துத் தடவை திருப்பிப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு சேனல் வந்துவிட்டது. தை. அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். கெடு ஒரு நாள் தாண்டினாலும் இருபத்துநாலு வீடும் என்னிடமே இருக்குமாம். இனி ஊருக்குள் எனக்குப் பேர் புறாக்காரனாம்.

கல்யாணியிடம், உன் டிஷ் என்னால் போச்சு, இனிமேல் என் லைனை நம்பு, ஒரு நாளும் ஏமாற்றாது என்றேன். யோசித்தாள். சரிங்க என்றாள். ஏழு அம்பதுக்கே வேலையை முடித்து, தலை சீவி, டி.வி. முன்னால் உட்கார்ந்தாள். ரெண்டு வருஷத்தில் என் லைனை நம்பி உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஏழு அம்பத்தைந்துக்கு, குறுவை வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் பம்புசெட் வளைவில் திரும்பியது. கேபிள் வைக்கோலில் மாட்டி அதோடு கூடப் போனது. நாற்பது அடி. டிரைவர் மாயவரம் ரோடு வரை கவனிக்கவில்லை. கல்யாணி டி.வி.யை அணைத்துவிட்டு ரசம் சுடவைக்கப் போனாள்.