பதினாலாம் பலகை

உன் துணியில் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. கல் தூசியின் வாசனையும் அதோடு சேர்ந்து என் மேஜை முழுக்கப் பரவியிருக்கிறது. காலையில் உன் தங்கை கொண்டுவந்து கொடுத்தாள். இதற்காக அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்கு வந்து, அங்கே ரயிலேறி, பட்டணத்தில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். நீ போய் நாற்பது நாளாகிறதாம். காய்ச்சலாம். எனக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊர்ல இன்னும் சொல்லிகினு இருக்காங்க, அண்ணன் வெச்ச பாலம் கிருத்திகைக்கு ஒடஞ்சி பூட்ச்சுன்னு. எங்க நைனா அந்தப் பேச்சு தாங்காம தெருவுல நடக்கறதையே உட்டுட்டாரு. நீங்க கூட இருந்தவரு. அது நெசமாங்க?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "ஆங், ரயிலுக்குப் போறச்ச வரேங்க" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். பார்வை உன்னுடைய பார்வை. கல்லைப் பார்ப்பது போலவே மனிதரையும் பார்ப்பாயே, அது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆகவே இந்த மத்தியானத்தில் உனக்கு எழுதுகிறேன். அவளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். நீ குறுக்கே பேசாத முதல் தடவை இது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். சிமெண்டும் கம்பியும் கண்ணில் படாத காலம். திருத்தணிக்குப் போகிற வழியில் ஓடையின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் போட வேண்டும், ஆடிக் கிருத்திகைக்குள் முடிய வேண்டும் என்று சித்தூரிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு பக்கமும் கல் சுவர், மேலே ஆறடி நீளக் கருங்கல் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மண் போட்டால் வண்டி ஓடும். நீயும் நானும் ஓவர்சியர்கள். ஒரே வயது, ஒரே சம்பளம். நான் பட்டணத்தில் முதல் வகுப்பில் தேறியவன், நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தேறியவன். இதை நான் அப்போது எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பலகைகள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதுதான் நம் வேலை. அதே பாறையிலிருந்து முழ நீளத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டோம். துண்டின் இரண்டு முனையையும் கல்லின்மேல் வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, உடைகிற வரையில் அதில் மணலைக் கொட்டினோம். ஒவ்வொரு துண்டும் உடைந்ததும் வாளியைத் தராசில் நிறுத்து எழுதினேன். எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்து, பெரிய பலகைக்குக் கணக்குப் போட்டேன். வைக்கப்போகிற பாரத்தைப் போல மூன்று மடங்கு தாங்கும் என்று வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன்.

நீ அங்கே இல்லை. உடைந்த துண்டுகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு, உடைந்த முகத்தைத் தண்ணீரால் நனைத்து, அதன்மேல் இந்தத் துணியை விரித்துக்கொண்டிருந்தாய். உன் வீட்டுத் தறியில் நீயே நெய்த துணி. கொசுவலை மாதிரி, இழைக்கும் இழைக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி. இழைகள் குறுக்கிடுகிற ஒவ்வொரு புள்ளியின் கீழும் கல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாய். வெள்ளை, வெள்ளை, சாம்பல், கருப்பு. கருப்பு என்றால் காக்காப்பொன். அது ஏடு ஏடாகப் பிரிந்து வருகிற சாதி.

"கருப்பு எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன், எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

"எவ்ளோ கருப்புன்னு பாக்காத பாவா. எத்தினி கருப்பு ஒண்ணா ஒக்காந்துகினு இருக்குதுன்னு பாரு" என்றாய்.

உனக்கு நான் எந்த முறையிலும் பாவா இல்லை, மச்சானும் இல்லை. ஆந்திரத்து ஆட்களோடு பழகிப் பழகி எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவாய். கல் வேலை மேஸ்திரிகூட அதைக் கேட்டுச் சிரிப்பார். கே.ஜி.கண்டிகைக்காரர், ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவர், உன்னிடம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார். அதுவும் என் கண்ணை உறுத்திற்று.

என் கணக்கைக் காட்டினேன். பார்த்துவிட்டு, தப்பு என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு அழைத்துப் போனாய். தறியில் ஏற்றப்போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முழ நூலை எடுத்து என் கையில் கொடுத்தாய். இழு என்றாய். இழுத்தேன், விரலை அறுத்ததே தவிர அறுந்து போகவில்லை. அதற்குள் பாவில் ஓர் இழை அறுந்து தொங்கியது. உன் அப்பா, உங்கள் வாயில் நைனா, எழுந்து போய் முடிச்சுப் போட்டார்.

"அதே நூலுதான்" என்றாய். "மொழத்துல கெட்டியா இருக்குது, தெரு நீட்டுக்குப் போட்டா அறுவுது. ஏன்னா தெரு நீட்டுல எங்கனா ஒரு எடம் எளச்சி இருக்கும். நூலு சராசரியில அறுவாது பாவா, எளச்ச எடத்துல அறுவும். உன் துண்டு மொழம். பலகை தெரு."

அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கேடு. புரியாமல் இருந்திருந்தால் உன்னைப் பைத்தியக்காரன் என்று தள்ளியிருப்பேன். நான் புத்தகத்தில் ராத்திரி பகலாகப் படித்ததில் இல்லாத ஒன்றை நீ தெருவில் நடந்தபடி வைத்திருந்தாய். வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சித்தூரிலிருந்து எஞ்சினியர் வந்தார். இருபது பலகைகளையும் பாலத்தில் வைப்பதற்கு முன் தரையிலேயே ஒவ்வொன்றின்மேலும் ஜல்லி மூட்டை அடுக்கிச் சோதிக்கச் சொன்னார். எத்தனை உடையும் என்று இருவரும் எழுதிக் கொடுங்கள் என்றார். பட்டணத்துச் சோதனைச் சாலைக்கு ஓர் ஆள் வேண்டும், அனுப்புவேன் என்றும் சொன்னார். நான் ஒன்றுமில்லை என்று எழுதினேன். நீ மூன்று என்று எழுதினாய்.

"எந்த மூன்று?" என்று கேட்டார்.

"எதுன்னு தெரியாதுங்க. எத்தினின்னுதான் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குக் கிளி ஜோசியக்காரன் போதுமே என்று மேஸ்திரியிடம் சொன்னேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. எஞ்சினியரும் சிரிக்கவில்லை. உன் சீட்டை மடித்து உன்னிடமே கொடுத்து, பத்திரமாக வைத்திரு, பார்க்கலாம் என்றார். என் சீட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார்.

இனி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை.

சோதனை நாளன்று எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு முனையிலும் கல் கொடுத்துத் தூக்கி வைத்திருந்த பலகைகளை நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். உன் கண்ணால் பார்க்க எனக்கும் வந்துவிட்டிருந்தது. பதினாலாம் பலகையின் அடிப்பக்கத்தில், நடுவில், காக்காப்பொன் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. பாரம் ஏறினால் பலகையின் அடிமுகம் இழுபடும், மேல்முகம் நெருக்கப்படும். கல் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே உன் மூன்றில் ஒன்று அது. மர நிழலில் சாப்பிட்டு முடித்திருந்த நான்கு ஆட்களைக் கூப்பிட்டு, மண் ஒட்டியிருக்கிறது, புரட்டிப் போடுங்கள் என்றேன். கடப்பாரை கொடுத்துப் புரட்டினார்கள். கருப்பு மேலே வந்துவிட்டது. இனி உடையாது.

எனக்கு அதனால் என்ன லாபம்? ஒன்றும் இல்லை. என் கணக்கு எப்படியும் தோற்கப் போகிறது என்று அதற்குள் எனக்கே தெரியும். நீ மூன்று என்று சொல்லி மூன்று உடையக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு உடைந்தன. ஏழாவது ஒன்று, பத்தொன்பதாவது ஒன்று. எஞ்சினியர் உன் தோளைத் தட்டி, கிட்டத்தட்டச் சொல்லிவிட்டாயே, பட்டணத்துக்கு மூட்டை கட்டு என்றார். அந்தக் 'கிட்டத்தட்ட' என்ற ஒரு சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உன்னிடம் இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ தலையைச் சொறிந்துகொண்டு பலகைகளின் பக்கம் போனாய். திரும்பி வந்தபோது என்னைத் தனியாக அழைத்தாய்.

"பதினாலாவது மட்டும் கொத்தின மொகம் கீழ பாத்துகினு கெடக்குது பாவா. ஏன்னு கேக்கல. பாலத்துலயும் அத அப்டியே வெக்கச் சொல்லு. இல்லாட்டி எடுத்து ஓரமா போட்டுடு. நைனாவுக்கு ஒடம்பு சரியில்ல, நான் ரெண்டு நாள் ஊருக்குப் போறேன்."

ஆங் என்றேன்.

நான் சொல்லவில்லை. கொத்திச் சமப்படுத்திய முகத்தை மேலே வைப்பதுதான் வழக்கம். இதை மட்டும் ஏன் தலைகீழாக வைக்க வேண்டும் என்று மேஸ்திரி கேட்பார். அவர் கேட்டால் அந்த நான்கு ஆட்களும் பேசுவார்கள். எடுத்துப் போட்டாலும் அதே கேள்விதான். அதோடு, மனசின் ஒரு மூலையில் என் சராசரி உட்கார்ந்துகொண்டு, மூன்று மடங்கு தாங்கும், மூன்று மடங்கு தாங்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மேஸ்திரியின் ஆட்கள் பதினாலாம் பலகையை வழக்கம்போல் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன்மேல் மண் போட்டு மூடியதும் எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

கிருத்திகைக்கு முதல் நாள், காவடிக்காரர்கள் வர ஆரம்பித்த நேரம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிய வண்டி பாலத்தின்மேல் வந்தது. பலகை உடைந்த சத்தம் கேட்டது. ஒரு மாட்டின் முன்னங்கால் இடுக்கில் போய் முறிந்தது. அந்த மாட்டின் கத்தலையும், வண்டிக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஆள் சேதம் இல்லாமல் போனது நம் யாருடைய சாமர்த்தியத்தாலும் இல்லை.

நீ குழியில் இறங்கி உடைந்த முகத்தைக் கையால் துடைத்துப் பார்த்தாய். நானும் பின்னாலேயே இறங்கினேன். நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மூணுன்னேன். மூணு" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் எஞ்சினியர் வந்து, பலகை வைப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று கேட்டார். காகிதத்தில் உன் பெயர்தான் இருந்தது. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"நான்தாங்க" என்றாய். "அந்தப் பலகை சரியில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊருக்குப் போயிட்டேன். தப்பு என்னுதுதான்."

பட்டணத்துக்கு நான் வந்தேன். நீ ரோட்டு ஜல்லியை அளந்து எழுதுகிற வேலைக்குப் போனாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. இங்கே நான் என்ன செய்கிறேன் தெரியுமா? கல்லையும் செங்கல்லையும் வார்ப்பிரும்பையும் உடைத்துப் பார்க்கிறேன். எது உடையும் என்று கேட்கிற அதிகாரிகளிடம், எது என்று கேட்காதீர்கள், எத்தனை என்று கேளுங்கள் என்கிறேன். நன்றாகச் சொன்னீர் என்கிறார்கள். அதை என்னுடைய வாக்கியம் என்றே நினைக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது உன் குரலில்தான் என் வாயிலிருந்து வருகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன்னிடமிருந்து உத்தியோகத்தை எடுத்துக்கொண்டேன், பேச்சை எடுத்துக்கொண்டேன், பார்வையைக் கூட எடுத்துக்கொண்டேன். உன் மேல் இருந்த பொறாமை மட்டும் ஒரு குந்துமணி குறையவில்லை. எல்லாவற்றையும் விட, 'நான்தாங்க' என்றாயே, அதன்மேல்தான் அதிகம். அதை நான் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

துணியின் மடிப்பில் அந்தச் சீட்டு இருந்தது. இப்போதுதான் பார்த்தேன். 'மூன்று' என்று உன் கோணல் எழுத்து. அதன் கீழே மூன்று கோடு கிழித்திருக்கிறாய். முதல் இரண்டும் ஒரே மையில், ஒரே நீளத்தில். மூன்றாவது வேறு மை, பாலம் உடைந்த பிறகு போட்டிருப்பாய். அதன் பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாயோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை. உன் நைனா தெருவில் இறங்காமல் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் இது உன் பெட்டியில்தான் இருந்திருக்கிறது.

நாளைக் காலையில் உன் தங்கை வருவாள். துணியை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கப் போகிறேன்; உண்மையைக் கேட்டபின் விட்டுவைக்க மாட்டாள் என்றாலும் கேட்பேன். சீட்டை அவளிடம் கொடுத்து, நைனாவிடம் காட்டச் சொல்லப் போகிறேன். இரண்டு கோடு ஒரு மையில் இருக்கிறதே, இந்த மூன்றாவது எதற்கு என்று அவள் கேட்பாள்.

நான்தாம்மா என்பேன்.