முப்பத்தேழு ஒன்றுகள்

பெம்பான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கு நான் நலம். மீரியில் உங்கள் கடல் எண்ணெய் மேடையில் காற்றும் மழையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கார் பேட்டரி போய்விட்டது, மாற்றியாயிற்று. தொலைபேசியில் நான் பாதி சொல்லுமுன் "சரிலா, விடு" என்று முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் என்னை நிறுத்த முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மன்னிப்புக் கடிதம் கொடுக்கப்போவதில்லை.

மாமா சொன்ன மாதிரிதான் உங்களுக்கு விஷயம் தெரியும். நடந்தது வேறு. கோவில் மண்டபத்தில் பொங்கல் விழா அன்று என் டியூஷன் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி வைத்தார்கள். கேள்வி தயாரித்தவர் கோவில் தலைவர், அதாவது உங்கள் தாய்மாமா தம்புசாமி. ஊரில் யார் கார் வாங்கினாலும் நம்பர் பிளேட்டைக் கூட்டி ராசி பார்த்துச் சொல்பவர் சும்மா இருப்பாரா? முப்பத்தேழு ஒன்றுகளை வரிசையாகப் பேனரில் அடித்து மாட்டி, இது பகா எண்ணா என்று கேட்டார். என் பிள்ளைகளில் ராகினி இல்லை என்றாள். தவறு என்று மதிப்பெண் தரவில்லை. முப்பத்தேழு பகா எண், அதைக் கூட்டினால் பத்து, பத்தைக் கூட்டினால் ஒன்று, சூரியனுடைய எண், அதை யாரால் பிரிக்க முடியும் என்று விளக்கம் வேறு.

ராகினி குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. இப்படி ஒன்றுகளாலான எண்களை வகுப்பில் கணினிச் சோதனை போட்டுப் பார்த்திருந்தோம். வகுபடும் என்று சோதனை அடித்துச் சொல்லும். எதனால் என்று மட்டும் சொல்லாது. நான் எழுந்து, "மாமா, மூணும் பகா எண்தான். ஆனா மூணு ஒன்னு சேர்ந்த நூத்திப் பதினொன்னு மூணால வகுபடுதே" என்றேன். "அப்ப இது எதால வகுபடும், சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. மண்டபமே சிரித்தது. ராகினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பை நான் தாங்குவேன். அவள் ஏன் தாங்க வேண்டும்?

மறுநாளே தேட உட்கார்ந்தோம். இந்த எண்ணை எந்த எண் வகுத்தாலும், வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கழித்தால் முப்பத்தேழால் வகுபட வேண்டும். மற்றவற்றையெல்லாம் தள்ளிவிட்டோம். ஆயிரத்துக்குள் இல்லை, லட்சத்துக்குள் இல்லை. இரண்டு மில்லியனைத் தாண்டி, 2028119-இல் சிக்கியது. லேப்டாப் சொன்னால் மாமா நம்பமாட்டார் என்று பிள்ளைகளே பழுப்புத் தாளில் கையால் வகுத்து மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். கடைசி வரியை ராகினி போட்டாள். மீதி பூஜ்யம்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "கணக்கு சரிதான். ஆனா சபையில எழுந்து பேசுன பாரு, அதுக்கு எழுதிக் குடுத்துடு" என்றார். இல்லையென்றால் இனி மண்டபத்தில் டியூஷன் வகுப்பு நடத்தச் சாவி கிடையாதாம். ஆக, எண் விவகாரம் முடிந்துவிட்டது. இப்போது கேட்பது என் தலை குனிவதை. நான் எழுதிக் கொடுத்தால், சரியான விடைக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ராகினி கற்றுக்கொள்வாள். அதை நான் கற்றுத்தர மாட்டேன்.

சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும். இன்று முதல் வகுப்பு நம் வீட்டுக் கார் போர்ச்சில். காரை ரோட்டோரம் விட்டாயிற்று. பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காந்தன் அண்ணன் மட்டும் மாமாவுக்குப் பயந்து மகளை நிறுத்திவிட்டார்.

"எனக்காகக் கொடுத்துடு" என்றீர்கள். உங்களுக்காக என்னென்னவோ செய்திருக்கிறேன், மாமா பார்த்த நம்பர் கிடைக்கும்வரை புதுக் காரை எடுக்காமல் பஸ்ஸில் போனது உட்பட. அவர் உங்களைப் படிக்க வைத்தவர், மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுப்பேன், தீபாவளிக்குக் காலில் விழுவேன். கடிதம் மட்டும் கிடையாது.

கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் சிரித்தபோது என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததே, அதுதான் அதிகம் வலித்தது.

லீவில் வரும்போது வழக்கம்போல மாமா வீட்டுக்கே முதலில் போங்கள். போகும் வழியில் மலாக்கா டவுனில் ஒரு வெள்ளைப் பலகை வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு என்று மாமா கேட்பார். பதிலை நீங்களே சொல்லுங்கள். முப்பத்தேழு ஒன்றும் ஒரே வரியில் நிற்கும் அளவுக்குப் பெரிய பலகையாக இருக்கட்டும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
பவானேஸ்வரி