பதினேழாம் இடத்தில் கை காட்டியவள்

கெட்டிஸ்பர்க்,
அக்டோபர் 14

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், குளிர் தொடங்கியதும் என் இடுப்பு மட்டும் நானும் இருக்கிறேன் என்கிறது. அலாஸ்காவில் நீயும் மருமகளும் டெஸ் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஏப்ரலில் அப்பா ஒஹையோ சாலையில் இல்லாத நாய்க்காகப் பிரேக் போட்டதிலிருந்து நீ ஒரே பிடியாக நிற்கிறாய். "இன்னொரு தடவ இல்லாதத பாத்தார்னா சாவிய வாங்கி வெச்சுடும்மா, கேரவன வித்துடலாம்" என்றாய், நானும் தலையாட்டினேன். வீட்டை விற்றுவிட்டு இந்தக் கேரவனே குடித்தனம் என்று வந்த மனிதருக்கு அந்தச் சாவிதான் உயிர் என்று தெரிந்தும் தலையாட்டினேன். இந்த முறை கேரவன் நிறுத்தித் தங்கும் முகாமைத் தேர்ந்தெடுத்ததுகூட அவரை மனதில் வைத்துத்தான். போர்க்களம் பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவில் அவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று நினைத்தேன். குன்றின்மேல் இருக்கும் முகாமில் நீச்சல்குளமும் பிள்ளைகள் கூச்சலும், நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பதில் ஓயாத லாரிச் சத்தம். மூன்றாவது இது, கல் சுவரை ஒட்டிய பழைய பண்ணை, ஊருக்குள் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும். ஒரே குறை, எந்த இடத்துக்கும் ரிவர்ஸில்தான் நுழைய வேண்டும். முப்பது வருடமாகப் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று கை காட்டியவள் நான், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அது முடிவதில்லை. ஆனால் முன்பு தங்கிப் போனவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். பின்னால் நின்று அழகாகக் கை காட்டிய பெண்மணிக்கு நன்றி, நேரில் சொல்ல இறங்குவதற்குள் போய்விட்டார் என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டு அப்போதே பதிவு செய்துவிட்டேன்.

வந்த அன்று மதியம் நான் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் அப்பா பதினேழாம் இடத்தில் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல வண்டியை நிறுத்தியிருந்தார். "ஒரு பொம்பள கை காட்டினா பாரு நோரீன், நீ இத்தன வருஷமா ஈ ஓட்டற மாதிரி காட்டினியே, அவகிட்ட போய் கத்துக்கோ" என்று கிண்டல் வேறு. நிறுத்தச் சொல்லும்போது எல்லோரையும்போல முஷ்டியை உயர்த்தாமல் இரண்டு உள்ளங்கைகளையும் மெல்லத் தரையை நோக்கி இறக்கினாளாம், கட்டிலைப் பதமாகக் கீழே வை என்பதுபோல. பழைய காலத்துச் சாம்பல் நிற உடுப்பு, முழங்கைக்கு மேல் சுருட்டிய சட்டை. இந்த ஊரில் சுற்றுலாக்காரர்களுக்காகப் பாதிப் பேர் அப்படித்தான் உடுத்துகிறார்கள், அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவளுக்குக் கொடுக்க ஆப்பிள் கேக் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் ட்வைலா சிரிக்கக்கூட இல்லை. "எங்ககிட்ட அப்படி யாரும் வேல பாக்கல நோரீன்க்கா, இருந்தா நான் ஏன் இந்த முட்டிய வெச்சுக்கிட்டு அலையறேன்? வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நூத்தி அறுவது வருஷம் முன்னாடி உள்நாட்டுச் சண்ட நடந்தப்ப இந்தப் பண்ணைதான் ஆஸ்பத்திரி. அடிபட்டவங்கள வண்டி வண்டியா இங்கதான் கொண்டுவந்து எறக்கினாங்களாம்" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டாள்.

இணையத்தில் ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தது நினைவுக்கு வரவில்லை, ட்வைலா சொன்ன கதையும் என் காதில் ஏறவில்லை. அப்பா மறுபடியும் இல்லாததைப் பார்த்துவிட்டார் என்பது மட்டும்தான் ஏறியது. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஒளித்தேன். சாவிக் கொக்கி காலியாக இருந்ததைப் பார்த்தார், ஈரத் துண்டை அதில் மாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பதினேழில் தண்ணீர்க் குழாய் உடைந்து, ஒன்பதுக்கு மாறச் சொன்னார்கள். அப்பா பஸ்ஸில் ஊருக்குள் போயிருந்தார், நானே ஓட்டினேன். பட்டப்பகல், நல்ல வெயில். ரிவர்ஸ் எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தால் அவள் நிற்கிறாள். வா, வா, கொஞ்சம் இடது, இன்னும் வா. காய்ந்த இலைமேல் பின்னோக்கி நடக்கிறாள், ஒரு இலைகூட அசையவில்லை. ஜன்னலைத் திறந்தேன், சருகுச் சத்தமும் இல்லை. உள்ளங்கைகளை இறக்கினாள், என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. அவள் ஜன்னல் பக்கம் வந்து, பல நாள் தூங்காத முகத்தோடு, இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல நீட்டிக்கொண்டு, "எத்தன பேரு? நடக்கக் கூடியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததோ, "ரெண்டே பேருதாம்மா, ரெண்டு பேரும் நல்லா நடப்போம்" என்றேன். அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். கைகளைக் கீழே போட்டுக்கொண்டு கல் சுவரைத் தாண்டிப் போனாள், அந்தப் பக்கம் வெட்டவெளிதான், பார்த்துக்கொண்டே இருந்தும் எங்கே மறைந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்ததும் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டயும் அதத்தான் கேட்டா நோரீன். சொன்னா சாவி போயிடுமேன்னு முழுங்கிட்டேன்" என்றார். கட்டிய பெண்டாட்டிக்குப் பயந்து ஒரு மனிதர் மூன்று நாள் இதை மனதில் பூட்டி வைத்திருந்தார் என்று நினைத்து அழுதேன். அந்த நாயைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இவளைப் பற்றித் தெரியும். சாவி இப்போது பழையபடி கொக்கியில் இருக்கிறது.

நவம்பர் விடுமுறைக்கு நீ வரும்வரை இங்கேயே இருக்கிறோம். விமான நிலையத்திலேயே ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு வா. பக்கத்தில் பத்தாம் இடத்தை உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ரிவர்ஸில் நுழை, நான் பின்னால் நிற்க மாட்டேன். இறங்கி வந்து, யாரையும் பார்க்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல், சாவியை நானே உன் கையில் தருகிறேன்.

மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள், மருமகளுக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. அவள் கேட்டால் டெஸ்ஸையும் சேர்த்து எண்ணிக்கை சொல், எல்லோராலும் நடக்க முடியும் என்று உடனே சொல்லிவிடு. அவள் கைகளை ஏந்திக்கொண்டுதான் வருவாள், குழந்தை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் எழுப்பிவிடு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா நோரீன்