பாதியில் ஒலித்த மணி

அன்புள்ள ஹம்சா அக்காவுக்கு,

இதனால் சிட்னிவாழ் அக்காமார் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் ட்ருகனினா வீட்டு ரைஸ் குக்கர் வெள்ளியன்று இயற்கை எய்தியது. மற்றபடி இங்கே யாவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறோம். பன்மை ஏனென்றால், இது அப்பா அம்மா எழுத வேண்டிய கடிதம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட், அப்பாவுக்கு வேர்ஹவுஸில் பகல் ஷிஃப்ட், இருவரும் கராஜ் வாசலில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். நீயே எழுதிடுடா, லாங் வீக்கெண்டுக்கு வர்றாளான்னு மறக்காம கேளு என்று சொல்லிவிட்டு அப்பா போய்விட்டார். கேட்டுவிட்டேன். வராவிட்டாலும் எனக்கு ஒரு குறையுமில்லை, சாரதி என்று பெயர் வைத்தும் எல் போர்டு மாட்டிக் கார் ஓட்டிப் பழகப் பக்கத்தில் உட்கார ஆளில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறன்று என் வகுப்புத் தோழன் லாம், அவர்களுடைய வியட்நாமிய புத்தர் கோயிலுக்கு என்னைத் தியானத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே மணி பார்க்கக் கூடாது, மணி கேட்க வேண்டும். கதவருகே ஒரு மெத்தைமேல் பெரிய சட்டி மாதிரி வெண்கல மணி, அது ஒலித்தால் தியானம் தொடங்கும், மறுபடி ஒலித்தால் முடியும். மணியை அடிப்பது என்று சொல்ல மாட்டார்களாம், அழைப்பது என்பார்களாம். நான் மலை மாதிரி அசையாமல் உட்கார்ந்தேன். நடுவில் டாய்லெட் போய்த் திரும்பியபோது, கோயிலுக்குள் நுழைந்தால் மணியைத் தேடும் நம் கை சும்மா இருக்குமா, பக்கத்திலிருந்த கட்டையை எடுத்து மணிமேல் ஒன்று போட்டேன், அழைப்பெல்லாம் இல்லை, அடியேதான். ஹாலே கண்விழித்து, கும்பிட்டு, சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. பாதித் தியானம்தான் ஆகியிருந்தது. இத்தனை பேரை ஒரே அடியில் கரையேற்றியவன் உன் தம்பி. நீ செத்தடா என்றான் லாம். எங்கள் பழக்கதோஷம் என்று பிக்குணியிடம் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே நூடுல்ஸ் வைத்தார்.

ஈரத்தலையோடு ரயில் ஏறாதே, வெறும் டீயோடு வேலைக்கு ஓடாதே, இது அம்மா. போன் வந்தால் எடு, இது அப்பா. இருவரின் ஆசியும் உனக்கு நிறைய.

பழக்கதோஷம் என்றது பொய், அக்கா. தொடாதே என்று லாம் முன்பே சொல்லியிருந்தான். மலை மாதிரி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம்தான். கண்ணை மூடினால், ஸ்கூல் விட்டு வந்து கதவைத் திறக்கும்போது நம் வீடு இருக்குமே, அதே நிசப்தம். யாராவது திரும்பிப் பார்த்தால் போதும் என்றிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். நீ வா.

இப்படிக்கு,
அப்பா அம்மாவுக்காக,
சாரதி