அணைத்த அடுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு யெஷாரெக் வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? ஜெருசலேம் பல்கலைக்கழகத்தில் என் ஹீப்ரு வகுப்பு நன்றாகப் போகிறது. விடுதியில் எல்லோரும் தூங்கியபிறகு எழுதுகிறேன்; இதை யாரும் பார்க்கவேண்டாம்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஹீப்ரு டீச்சர் நெஹாமா என்னைத் தன் வீட்டில் தங்க அழைத்திருந்தார். பொழுது சாயும் நேரம், சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எத்தியோப்பியாவில், நம் கோண்டரில், வெள்ளி மாலை ஓய்வுநாள் பிறக்குமுன் நெருப்பை அணைத்துவிடுவோமே! மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானே அணைத்துவிட்டேன். இங்கேயோ மறுநாள்வரை சிறுதீயில் விட்டுவைப்பார்களாம். ஓய்வுநாள் பிறந்தபின் மறுபடி பற்றவைக்கக்கூடாது.

மறுநாள் மதியம் குழம்பு ஜில்லென்றிருந்தது.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?" என்று டீச்சரின் கணவர் சிரித்தார்.

"நான்தான்" என்றேன்.

"உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரலையா, கண்ணு?" என்றார் டீச்சர்.

அதுதான் நம் வழக்கம் என்று சொன்னால், நாமெல்லாம் யூதர்தானா என்று சந்தேகப்படுவார்களோ என்று பயந்துவிட்டேன். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழம்பு ஆறியதற்காக அல்ல.

நீ இடித்த மிளகாய்ப்பொடி கொஞ்சம் அனுப்பு, டீச்சருக்கும் சேர்த்து. கொடுக்கும்போது, அடுப்பை அணைக்கச் சொல்லித் தந்ததே நீதான் என்று சொல்லிவிடுகிறேன்.

யாரோ வருகிறார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்
யெஷாரெக்